சிறகில் குடியிருப்பவர் யார்?

நனைந்த இறகு ஏன் மட்குவதில்லை?

உதகமண்டலத்துக்கு வடமேற்கே, ஒரு புறம் தேயிலைச் சரிவுகளும் காய்கறித் தோட்டங்களுமாக, மறு புறம் முதுமலைக் காடுகளை நோக்கி இறங்கும் மலைவிளிம்பாக அமைந்திருக்கும் சோலூரில், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பின்னர், நாட்கணக்கில் சூரியனைக் காணாத வீடுகளுக்குள் கம்பளிகள் பூசணம் பூத்து நாற்றம் வீசுவதும், மூலையில் கிடக்கும் தோல் செருப்பு வெண்மை படர்ந்து கெட்டுப்போவதும் ஒருவருக்கும் ஆச்சரியம் தருவதில்லை. ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அதே மழையிலும் அதே மூடுபனியிலும், கூரையும் இல்லாமல் அடுப்பின் வெப்பமும் இல்லாமல், தேயிலைப் புதரின் மேல் இரவு பகலாகக் காலம் கழிக்கும் செம்மீசைச் சின்னானும், சோலை ஓரத்து மரங்களில் புழு தேடித் திரியும் பட்டாணிக்குருவியும், மழை சற்று ஓய்ந்ததும் உடலை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு யாதொரு குறையுமில்லாத இறகுகளோடு பறந்து செல்கின்றன.

கம்பளி ஆட்டின் ரோமத்தால் ஆனது. ரோமமும் நகமும் இறகும் கெராட்டின் என்று அழைக்கப்படும் உறுதியான புரத வகைகளால் ஆனவை. கம்பளி, இறகு இரண்டும் நனைகின்றன, ஒன்று கெடுகிறது, மற்றொன்று கெடுவதில்லை. இது எதனால் என்று சோலூர்வாசி ஒருவர் கேட்டால், அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த சாஸ்திரம் இறுதியில் வேறொரு வாசலில் போய் நிற்கிறது என்பதையே இந்த அத்தியாயம் சொல்ல முற்படுகிறது.

இறகைத் தின்பவை

முதலில் ஒரு திருத்தம். இறகு மட்காத பொருள் அன்று. தரையில் விழுந்து ஈரத்தில் கிடக்கும் இறகு சில மாதங்களில் உருத்தெரியாமல் போய்விடுகிறது. அப்படிப் போகாவிட்டால் நம் காடுகள் இறகு மெத்தைகளாகியிருக்கும். அதைக் கரைக்கும் பாக்டீரியாக்கள் மண்ணில் மட்டுமே உள்ளனவா, பறவையின் உடலிலேயே குடியிருக்கின்றனவா என்ற சந்தேகத்தை அமெரிக்காவில் ஒஹாயோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் பர்ட் என்ற பறவையியல் அறிஞரும், நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரான இச்சிடா அம்மையாரும் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். 83 இனங்களைச் சேர்ந்த 1,588 காட்டுப் பறவைகளைப் பிடித்து, இறகுகளின் மேல் தூய பஞ்சை ஒற்றியெடுத்து, அந்தப் பறவைகளை மீண்டும் பறக்கவிட்டு, பஞ்சில் ஒட்டியவற்றை வளர்த்துப் பார்த்தபோது, 32 இனங்களைச் சேர்ந்த 134 பறவைகளில் இறகைக் கரைக்க வல்ல பாக்டீரியாக்கள் இருந்தன. தரையில் இரை தேடும் பறவைகளில் அவை மிகுதியாகக் காணப்பட்டன. 1999-ல் வெளியான இந்த ஆராய்ச்சிக்குப் பின்னர், இறகைத் தின்பவை இறகிலேயே இருக்கின்றன என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அப்படியானால் அவை ஏன் தின்று தீர்ப்பதில்லை? பறவையின் பாதுகாப்பு ஒன்றல்ல, பல. இறகின் நுண்ணிய இழைகள் கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்து நீரைத் துளிகளாக உருட்டிவிடுகின்றன. ஆகையால் மேலே மழை பெய்தாலும் இறகின் உட்புறம் உலர்ந்தே இருக்கிறது, ஈரமில்லாத இடத்தில் பாக்டீரியாவின் ஜீரண ரசம் வேலை செய்வதில்லை. வாலின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்துப் பறவை நாள்தோறும் பூசிக்கொள்கிறது. கருநிறம் தரும் மெலனின் என்ற பொருள் கலந்த இறகு வெள்ளை இறகைவிட மெதுவாகவே கரைகிறது என்பதும் சோதனைக்கூடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. ஈரம் மிகுந்த பிரதேசங்களில் பறவைகள் கருத்திருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளோகர் என்ற ஜெர்மானியர் சொன்ன விதிக்கு இது ஒரு காரணமாக இருக்கலாமென்று பர்ட்டும் இச்சிடாவும் கருதினார்கள். இவ்வளவுக்கும் மேலாக, பெரும்பாலான பறவைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்கின்றன.

நம் ஊர்ப்புறங்களில் தத்தித் தத்திப் புழு கொத்தும் கொண்டலாத்தியின் கதை இன்னும் விசேஷமானது. அடைகாக்கும் பெண் கொண்டலாத்தியின் எண்ணெய்ச் சுரப்பி, கறுத்து, துர்நாற்றம் வீசும் திரவம் ஒன்றைச் சுரக்கிறது. அதன் பொந்துக்குள் கை விட்டவர் அந்த வாசனையை எளிதில் மறக்கமாட்டார். ஸ்பெயின் தேசத்துக் கிரனாடாவில் இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர்கள், அச்சுரப்பிக்குள் வாழும் பாக்டீரியாக்களே பகைக் கிருமிகளைக் கொல்லும் பொருள்களை உண்டாக்கித் தருகின்றன என்றும், பறவை அத்திரவத்தை முட்டைகளின் மேல் பூசுகிறது என்றும், அதைத் தாங்கி நிற்பதற்கென்றே முட்டை ஓட்டில் நுண்ணிய குழிகள் அமைந்திருக்கின்றன என்றும் கண்டார்கள். குடியிருப்பவர் எல்லாரும் திருடர் அல்லர். காவல்காரரும் அவருள் உண்டு.

ஆக, சோலூரில் சிலிர்த்துக்கொண்டு பறக்கும் சிறு குருவி தனியாகப் பறக்கவில்லை. அதன் இறகிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் குடலிலும் ஒரு பெரிய ஜனசமூகம் உடன் பறக்கிறது. அந்தச் சமூகத்தில் இதுவரை யாரும் பெயரிடாத ஓர் இனம் இருந்தால், அதைப் புதியது என்று எப்படி அறிவது?

உருவம் கைகொடுக்காத இடம்

பறவையியலாருக்கு இந்தத் தொல்லை குறைவு. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், நீலகிரியில் கிடைத்த சிரிப்பான் குருவியை 1839-ல் புதிய இனமென்று உலகுக்கு அறிவித்தபோது, அதன் நிறமும் அலகும் புருவக்கோடும் அவருக்குச் சாட்சியாக நின்றன. பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பவருக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. அங்கே தெரிவன குச்சிகளும் உருண்டைகளும், மிஞ்சிப்போனால் சில சுருள்களும்தான். சாயம் ஏற்றிப் பார்த்தால் சில ஊதாவாகவும் சில இளஞ்சிவப்பாகவும் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன குலங்கள் ஒரே தோற்றத்தில் கிடக்கும்.

ஆகையால் முன்னோர் குணங்களை விசாரித்தார்கள். எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது, எவ்வளவு குளிரில் வளர்கிறது, உப்பைத் தாங்குகிறதா, காற்றில்லாமல் பிழைக்கிறதா என்று கேள்விகள் அடுக்கி, விடைகளைப் பட்டியலிட்டார்கள். இம்முறை பயனற்றது அன்று. இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் குணம் சூழ்நிலையால் மாறக்கூடியது. உறவு இல்லாதவரிடமும் ஒத்த குணம் காணப்படும். குலத்தை நிர்ணயிக்க, குணத்தைவிட ஆழமான ஆதாரம் வேண்டியிருந்தது.

எல்லாரிடமும் இருக்கும் ஓர் ஏடு

அந்த ஆதாரத்தை 1970-களில் கண்டெடுத்தவர் கார்ல் வோஸ் என்ற அமெரிக்கர். ஒவ்வோர் உயிரணுவிலும் புரதங்களைக் கட்டித்தரும் ரைபோசோம் என்ற சூக்ஷ்மமான தொழிற்சாலை இருக்கிறது. அதன் சிறிய பாகத்தின் உள்ளே ஒரு நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. பாக்டீரியாக்களில் அதற்கு 16எஸ் என்று பெயர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது ரைபோசோமின் அமைப்பை அணுவணுவாக விளக்கியதற்காக. அவருடைய குழு 2000-ல் வரைந்து காட்டியது இந்தச் சிறிய பாகத்தையே. இந்த இழைக்குரிய மரபணு சுமார் 1,500 எழுத்துகள் கொண்டது. நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் இந்த வாசகம் எல்லாப் பாக்டீரியாவிடமும் உண்டு. அது சிதைந்தால் உயிர் இல்லை. எனவே அது மிக மெதுவாகவே மாறுகிறது.

உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் பல ஏட்டுச்சுவடிகளை எதிரெதிரே வைத்துப் படித்தபோது, எந்தெந்தச் சுவடிகள் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கின்றனவோ அவை ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று ஊகிக்க முடிந்தது. பாக்டீரியாவின் குலமுறையை வகுப்பவரும் செய்வது அதுவே. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்ட 1,500 எழுத்துகளில் எங்கெங்கே மாற்றம் நேர்ந்திருக்கிறது, அந்த மாற்றம் வேறு யாரிடம் காணப்படுகிறது என்று பார்த்தால், உறவு புலப்படும்.

எத்தனை எழுத்து மாறினால் வேற்றினம்? 1994-ல் ஒரு வரம்பு வகுத்தார்கள்: ஒற்றுமை நூற்றுக்கு 97-க்குக் கீழே போனால், அதாவது ஏறக்குறைய 45 எழுத்துகளுக்கு மேல் வேறுபட்டால், அது தனி இனம். பின்னர் அனுபவம் பெருகியபோது வரம்பை 98.7 என்று உயர்த்தினார்கள். அதன்படி இருபது எழுத்து வேறுபாடே சந்தேகத்தைக் கிளப்பப் போதும். சந்தேகத்தை மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த எல்லைக்குமேல் நெருங்கியிருப்பவை ஒரே இனமா அல்லவா என்று தீர்ப்புச் சொல்ல, 1,500 எழுத்துகள் போதா. முழு மரபுத்தொகுதியும் வேண்டும். முன்னாளில் இரண்டு பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. இழைகளைப் பிரித்து, கலந்து, எவ்வளவு ஒட்டிக்கொள்கின்றன என்று அளந்தார்கள். 1987-ல் வகுத்த நெறிப்படி நூற்றுக்கு 70-க்குமேல் பொருந்தினால் ஓர் இனம். இப்போது முழு வாசகத்தையும் கணிப்பொறியில் ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95 அல்லது 96-க்குக் கீழே இருந்தால் தனி இனம் என்கிறார்கள். இந்த அளவுகோலை விலங்குகளுக்குப் பிரயோகித்தால் மனிதனும் சிம்பன்சியும் ஒரே இனத்துக்குள் அடங்கிவிடுவார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, இனம் என்பது இயற்கை கிழித்த கோடு மட்டுமன்று, அறிஞர் சபை கூடி ஒப்புக்கொண்ட கோடும்கூட என்பது விளங்கும்.

பட்டாணிக்குருவியின் நுரையீரல்

முறையைச் சொன்னோம், அது நடந்த விதத்தை ஓர் உண்மைச் சம்பவத்தில் காண்போம். சோலூரில் காணும் பட்டாணிக்குருவிக்கு ஐரோப்பாவில் நெருங்கிய உறவினர் பலர் உண்டு. நீலமும் மஞ்சளும் கலந்த நீலப் பட்டாணிக்குருவி அவர்களுள் ஒன்று. பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் குருவிகளுக்குத் தீனி தொங்கவிடும் வழக்கம் பரவலானது. தீனி வைப்பவர் குருவியைக் கவனிப்பார்; குருவி இறந்து கிடந்தால் உரியவர்களுக்குத் தெரிவிப்பார். 1996-ல் அப்படிக் கிடைத்த பட்டாணிக்குருவிகளின் நுரையீரல்களிலிருந்து, கால்நடை நோய் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார்கள்.

குச்சி வடிவம், நகரும் சக்தி இல்லை, சாயம் ஏற்றினால் இளஞ்சிவப்பு. இவ்வளவில் அது ஆயிரம் இனங்களில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். அதன் குணங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது தெரிந்த எதனோடும் அது செம்மையாகப் பொருந்தவில்லை. இத்தகைய நிலையில் சோதனைக்கூடங்களில் பெரும்பாலும் நடப்பது, 'இனந்தெரியாதது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவதே. இங்கே அவ்வாறு நடக்கவில்லை. வளர்ப்பைக் குளிரில் பத்திரப்படுத்தினார்கள். பின்னும் குருவிகள் வந்தன, அவற்றிலும் அதே குச்சி இருந்தது.

16எஸ் வாசகத்தைப் படித்தபோது குலம் வெளிப்பட்டது. அதற்கு மிக நெருங்கிய உறவினர் சட்டனெல்லா என்ற பேரினத்தில் அதுவரை தனித்திருந்த ஒரே இனம். அதுவோ மனிதரின் கண்நோயில் கண்டெடுக்கப்பட்டது. உறவு பேரினத்துக்குள் அடங்கும் அளவுக்கு நெருக்கம், ஓர் இனமாகும் அளவுக்கு நெருக்கமில்லை. ஜெஃப்ரி ஃபாஸ்டரும் அவருடைய சகாக்களும் 2005-ல் அதைப் புதிய இனமாக அறிவித்து, பறவையில் வசிப்பது என்ற பொருளில் சட்டனெல்லா ஆர்னித்தோகோலா என்று பெயரிட்டார்கள். ஒற்றை உறுப்பினரை வைத்து எழுதப்பட்டிருந்த பேரினத்தின் இலக்கணத்தையும் அதே கட்டுரையில் திருத்த வேண்டியதாயிற்று. முதல் குருவிக்கும் பெயருக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

பெயரிடுவதால் என்ன லாபம் என்று கேட்பவருக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகள் பதில் சொல்கின்றன. 2005 முதல் 2009 வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இறந்த குருவிகளைத் தொடர்ந்து பரிசோதித்தவர்கள், இக்கிருமி அங்கே நிலைத்து வாழ்வது என்றும், பெரும்பாலும் வசந்த காலத்தில், ஒன்றிரண்டு குருவிகளை மட்டுமே கொல்கிறது என்றும் கண்டார்கள். 2020 வசந்தத்தில் ஜெர்மனியில் நீலப் பட்டாணிக்குருவிகள் ஏராளமாக மடிந்தபோது, குற்றவாளியை அடையாளம் காண ஒன்பது ஆண்டுகள் தேவைப்படவில்லை. அதே வாசகம் முன்பே பெயரோடு பதிவாகியிருந்ததால், அந்த வசந்தம் முடியும் முன்னரே விஷயம் துலங்கிவிட்டது.

இந்த வரலாற்றில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அந்தப் பாக்டீரியா கொன்றது, ஆகையால் பெயர் பெற்றது. கொல்லாமல், உதவியும் செய்யாமல், குருவியின் தொண்டையில் சாதுவாக வாழ்ந்துபோகும் இனத்தைத் தேடி யாரும் எளிதில் புறப்படுவதில்லை. காட்டுப் பறவைகளைப் பற்றிய நம் பாக்டீரியா ஞானத்தில் நோய்க்கிருமிகளின் பங்கு மிகையாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம். அதிலும், தீனி வைத்துக் கவனிக்கும் தோட்டக்காரர் இல்லாத சோலையில் ஒரு பட்டாணிக்குருவி இறந்து விழுந்தால், எறும்பும் கீரியும் முந்திக்கொள்ளும்.

தென் துருவத்து கங்கோத்திரி

நம் நாட்டவர் பறவைகளின் அருகிலிருந்து பெயரிட்ட ஓர் இனத்தின் கதை நீலகிரியிலும் இல்லை, இமயத்திலும் இல்லை, அண்டார்டிகாவில் இருக்கிறது. 1983–84-ல் இந்தியா அங்கே அமைத்த முதல் நிலையத்தின் பெயர் தட்சிண் கங்கோத்திரி. அதன் அருகே பென்குயின்கள் கூடி முட்டையிடும் திடலின் மண்ணிலிருந்து பெறப்பட்ட ஒரு பாக்டீரியாவை, ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த எஸ். சிவாஜியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, 2004-ல் ஆர்த்ரோபாக்டர் கங்கோத்திரியென்சிஸ் என்று அறிவித்தார்கள். தென் இந்து சமுத்திரத்துக் கெர்கலன் தீவுகளின் கடல்நீரில் கிடைத்த உறவினர் ஒன்றுக்கும் அதே கட்டுரையில் பெயர் சூட்டப்பட்டது. பறவையின் உடலிலிருந்து எடுத்தது அன்று, பறவையின் எச்சத்தால் உரமேறிய தரையிலிருந்து எடுத்தது. எனினும் பென்குயின் இல்லாவிட்டால் அந்த மண் அப்படி இருந்திராது.

அந்த நிலையம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பனி மூடிக்கொள்ள, அதைக் கைவிட்டார்கள். பெயரின் முற்பாதியும் நிலைக்கவில்லை. ஆர்த்ரோபாக்டர் என்ற பேரினத்துக்குள் உறவில்லாதவர் பலர் கூடியிருப்பதைக் கண்டு, ஹான்ஸ்-யூர்கன் புஸ்ஸே என்ற அறிஞர் 2016-ல் அதைப் பலவாகப் பிரித்தார். கங்கோத்திரியென்சிஸ் இப்போது பேனிக்ளூட்டாமிசிபாக்டர் என்ற, நாவுக்குச் சற்றே தண்டனையான பேரினத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டே ஜெர்டனின் நீலகிரிச் சிரிப்பானுக்கும் இதே கதி நேர்ந்தது: வி. வி. ராபினும் சகாக்களும் மேற்குத்தொடர்ச்சி மலைச் சோலைகளின் பறவைகளை மரபணு வழியாக ஆராய்ந்து, அதை மாண்டிசிங்க்லா என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார்கள்.

உயிரோடு இருக்க வேண்டிய சாட்சி

பெயர் இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தால், எதைப் பிடித்துக்கொண்டு இதுதான் அது என்று சொல்வது? பறவையானால், முதலில் வர்ணித்தவர் பார்த்த தோலும் இறகும் ஒரு காட்சிசாலை அறையில் இருக்கும். பாக்டீரியாவுக்கு அத்தகைய மூலமாதிரி உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. அறிவிப்பவர் தம்முடைய வளர்ப்பை, 2001-ஆம் ஆண்டு முதல், குறைந்தது இரண்டு வெவ்வேறு தேசங்களிலுள்ள பொது வளர்ப்புக் களஞ்சியங்களில் ஒப்படைக்கவேண்டும். கேட்கும் ஆராய்ச்சியாளர் யாராயினும் அங்கிருந்து பெற்று, சோதித்து, மறுக்கவும் முடிய வேண்டும். உறையவைத்து உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் காற்றில்லாமல் அடைத்துவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பின்னும் துளி ஊட்டநீரில் அது விழித்துக்கொள்ளும். இந்தியாவில் இதற்கென 1986-ல் சண்டிகரில் ஒரு களஞ்சியம் அமைந்தது. நம் நாட்டு உயிர்ப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதோ, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது. சோலூர்ப் பறவையின் இறகில் பஞ்சை ஒற்றுவதற்கே வனத்துறையின் அனுமதி வேண்டும். ஒற்றியதில் புதியது கிடைத்தால் அடுத்த அனுமதி.

வளர்ப்பே இல்லாவிட்டால் பெயரே இல்லையா என்பது இப்போது நடக்கும் வழக்கு. இயற்கையிலுள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நம் சோதனைக்கூட உணவில் வளர மறுக்கின்றன; அவற்றின் டி.என்.ஏ.யை மட்டும் பஞ்சிலிருந்து நேராகப் படித்துவிடலாம். 1990-கள் முதல் அத்தகையவற்றைத் தற்காலிகப் பெயரோடு காத்திருப்போர் வரிசையில் வைத்தார்கள். எழுத்துவரிசையையே மூலமாதிரியாக ஏற்கலாம் என்ற யோசனையை 2020-ல் பாக்டீரியாப் பெயரிடலை நெறிப்படுத்தும் சர்வதேசக் குழு நிராகரித்தது. நிராகரிக்கப்பட்டவர்கள் 2022-ல் தமக்கென ஒரு தனி விதிநூலையே இயற்றிக்கொண்டார்கள். பழையதும் புதியதுமான இரண்டு விதிநூல்களும் இன்று ஒருங்கே வழக்கிலிருப்பதால், குருவியின் குடலில் வளர மறுக்கும் ஒரே பாக்டீரியா ஒரு நூலின்படி பெயருள்ளதாகவும் மற்றதன்படி பெயரற்றதாகவும் இருக்கலாம். குப்பியிலுள்ள உயிரைக் கேட்பவர்கள் பக்கமே என் சாய்வு. நுரையீரலைக் கெடுக்குமா, மெலனினைக் கண்டு பின்வாங்குமா என்பனவற்றை எழுத்துவரிசையைக் கொண்டு ஊகிக்கத்தான் முடியும், சோதிக்க முடியாது. ஆயினும் வளர மறுக்கும் பெரும்பான்மையை எத்தனை காலம் வரிசையிலேயே நிறுத்தி வைப்பது என்ற புதிய விதிநூலாரின் கேள்விக்கு, பழைய விதிநூலின் பக்கத்தார் இன்னும் திருப்தியான மறுமொழி சொல்லிவிடவில்லை.